அப்பா இடிக்கச் சொன்ன சுவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாளன்றே இப்படி ஒரு மலர் போட வேண்டும் என்று தம்பி விரும்பினான். அப்போது எங்களில் யாருக்கும் எழுதக் கை வரவில்லை. இப்போது அந்தப் பொறுப்பை மூத்த மகளான என்னிடம் அம்மா கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்.

"அவுகள ரொம்பப் புகழ்ந்து எழுதிராத. அவுகளுக்கே பிடிக்காது. நடந்தத நடந்தபடி எழுது. தப்புப் பண்ணினதையும் சேத்து எழுது."

ஆகவே அப்பாவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் செய்த ஒரு தவற்றையும் அதைத் திருத்திய விதத்தையும் சற்று விரிவாகச் சொல்லப்போகிறேன். அப்பா எப்படிப்பட்டவர்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த ஒரு கோடையில்தான்.

அப்பா பிறந்தது சுரண்டையில். தாத்தாவுக்கு அங்கே கடைத்தெருவில் வத்தலும் மல்லியும் கருப்பட்டியும் விற்கும் சிறு கடை இருந்தது. அப்பா பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார்கள். பெரியப்பா தம் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். "ரெண்டு பேரும் இங்கன உக்காந்தா கடை தாங்காது. நீ போய்ப் படி" என்று அப்பாவைத் தென்காசிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சுரண்டை அந்நாளில் மழையை நம்பிய ஊர். குளம் பெருகிய ஆண்டில் கடையில் நிற்க இடம் இருக்காது. குளம் பெருகாத ஆண்டில் பெரியப்பா விசிறியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருப்பார்கள். விடுமுறை நாட்களில் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தண்ணீர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு வந்தது என்று அப்பா சொல்வார்கள்.

பெரியப்பாவின் உழைப்பில் அப்பா சென்னைக்குப் போய் சிவில் என்ஜினீயரிங் படித்து முடித்தார்கள். அரசு வேலை கிடைத்தது. பாசனப் பிரிவையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் மாற்றி மாற்றி வேலை பார்த்தார்கள். இதற்கிடையில் மேலகரத்துக்குக் கிழக்கே ஒரு நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார்கள். நாங்கள் இரண்டு பேர் பிறந்தோம்.

அப்பா அதிகம் பேசமாட்டார்கள். கோபமும் குறைவு. ஆனால் ஒரு வேலை சரியில்லை என்று தோன்றிவிட்டால் அதைச் சரியாக்காமல் தூங்கமாட்டார்கள். கோயம்புத்தூரில் இருந்தபோது, கொல்லைப்புறத்துக் குளியல் தண்ணீர் வாழைக்குப் போகட்டும் என்று தாமே தரையின் வாட்டம் பார்த்துச் சிமெண்டு போட்டார்கள். முதல் நாளே தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் தண்ணி விடுதிய, நம்ம வீட்டுக்கு இப்படியா விடுவிய" என்று அம்மா சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, காயாத சிமெண்டை அன்று மாலையே பெயர்த்துப் போட்டு மறுபடி பூசினார்கள்.

இப்போது அந்தத் தவறு நடந்த அணைக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். குற்றால மலையில் விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியை ஒட்டிக் கிழக்கே போகிறது. ஆற்றின் குறுக்கே ஆங்காங்கே தாழ்வான கல் சுவர்கள் உண்டு. அவைதான் அணைக்கட்டுகள். அவை தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கத்திலுள்ள கால்வாய்க்குத் திருப்பிவிடும். கால்வாய் ஒரு குளத்தை நிரப்பி, அடுத்த குளத்துக்குப் போய், கடைசிக் குளத்தில் முடியும். ஆனி மாதச் சாரலில் வரும் தண்ணீரில் கார் சாகுபடி. ஐப்பசி மழையில் வரும் தண்ணீரில் பிசான சாகுபடி. அணைக்கட்டு உடைந்தால் இரண்டும் போயிற்று.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி வெள்ளத்தில் அப்படி ஓர் அணைக்கட்டின் நடுப்பகுதி அடித்துப் போய்விட்டது. அதன் கால்வாயில் மூன்று குளங்கள், மூன்று ஊர்கள். முதல் குளத்து ஊர்தான் அம்மா பிறந்த ஊர். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைவர்போல இருந்தார்கள். அணைக்கட்டைத் திரும்பக் கட்டும் வேலைக்கு அப்பாவைத் தென்காசிக்கு மாற்றினார்கள்.

அப்பா முதல் காரியமாகத் திருநெல்வேலிக்குப் போய்த் தமது மேலதிகாரியைப் பார்த்தார்கள். அவரைப் பெரிய என்ஜினீயர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். "என் மனைவி வீட்டு வயல் அந்தக் கால்வாயில் இருக்கிறது. வேறு ஒருவரைப் போடுவது நல்லது" என்று அப்பா சொன்னார்கள். வேறு ஆள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கடைக்குளத்து ஊரில் உடனே பேச்சு எழுந்தது. மச்சினன் ஊருக்குத்தான் இந்த என்ஜினீயர் தண்ணீர் விடுவார் என்றார்கள். அது அப்பாவின் காதுக்கும் வந்தது.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சுடலைமுத்து என்ற தலைமைக் கொத்தனார் வந்தார். கை சுத்தமானவர், பேச்சு சுத்தமானவர். காண்டிராக்டர் ஒருவரின் கீழ் அவர் வேலை. ஆற்று நடுவில் அடித்தளத்துக்குத் தோண்டியபோது ஊற்று நீர் பீறிட்டது. இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். ஓர் ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று கல்லில் பட்டது. அப்பா குழியில் இறங்கி நடுப்பகுதி நெடுகக் குத்திப் பார்த்தார்கள். எங்கே குத்தினாலும் அதே ஒலி. பாறை கிடைத்துவிட்டது, சுவரை எழுப்பலாம் என்று அப்பா சொன்னார்கள்.

சித்திரை முடிவதற்குள் சுவர் எழுந்துவிட்டது. பிசான விளைச்சல் இல்லாமல் கிடந்த மூன்று ஊரிலும் முகம் மலர்ந்தது. கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கார் நெல்லுக்கு நாற்றங்கால் போடத் தொடங்கிவிட்டார்கள்.

வைகாசித் தொடக்கத்தில் மலையில் ஒரு கோடைமழை. ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்து புதுச் சுவருக்குப் பின்னால் நின்றது. மறுநாள் காலையில் அப்பா பார்க்கப் போனார்கள். சுவருக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்று மணலில் சின்னச் சின்ன ஊற்றுகள் கொப்புளித்துக்கொண்டிருந்தன. அங்கே நின்றவர்களுக்கு மகிழ்ச்சி. புது அணைக்கட்டின் ராசி, ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்றார்கள். அப்பா குனிந்து பார்த்தார்கள். ஒவ்வோர் ஊற்றைச் சுற்றியும் பொடி மணல் வளையமாகப் படிந்திருந்தது. தண்ணீர் சும்மா வரவில்லை, சுவருக்கு அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வருகிறது என்பது அப்பாவுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்கள். நானும் அருகில் இருந்தேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குக் காத்திருந்த காலம் அது.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சுவர் பாறை மேல நிக்கல."

அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "நிச்சயமாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியணும்னா காவி கரைச்சு மேப்பக்கத்துல ஊத்திப் பாக்கணும். நாளைக்கு நானும் கொத்தனாரும் போய்ப் பாக்கப் போறோம்."

"ரெண்டு பேரு மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா ஊரு நம்புமா? எங்க அண்ணனே நம்பமாட்டாக" என்றார்கள் அம்மா. "எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சு ஊத்துங்க."

"தப்பா இருந்தா எல்லாரு முன்னாலயும் எனக்குத்தான் தலைகுனிவு."

"தப்புன்னுதான் இப்பவே சொல்லிட்டியளே. பொறவு என்ன?"

அப்பா சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று ஊருக்கும் ஆள் அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும்கூடப் போயிருந்தோம். ஆற்றின் இரு கரையிலும் ஆட்கள். மாமா முன்னால் நின்றார்கள். வீட்டுச் சுவருக்குப் பட்டை அடிக்கும் காவியைப் பெரிய அண்டாக்களில் கரைத்துச் சுடலைமுத்துக் கொத்தனார் கொண்டு வந்திருந்தார். ஊற்றுவதற்கு முன் அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்.

"தண்ணி மணலுக்குள்ள கசிஞ்சு வந்தா மணல் காவிய வடிகட்டிரும். கீழ தெளிஞ்ச தண்ணிதான் வரும். அப்படி வந்தா நான் பயந்தது தப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். காவி காவியாவே வந்தா சுவருக்கு அடியில வழி தொறந்துட்டுன்னு அர்த்தம்."

மேற்புறத்தில் சுவரை ஒட்டிக் காவியை ஊற்றினார்கள். எல்லாரும் கீழ்ப்புறத்து ஊற்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் தெளிவாகவே கொப்புளித்தது. "என்ஜினீயரு காவிதான் வீணாப் போச்சு" என்று யாரோ சொல்லச் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது நடுவில் இருந்த ஊற்று ஒன்று கலங்கியது. பிறகு இளஞ்சிவப்பானது. பிறகு ஊற்றிய காவி அப்படியே வந்தது. அடுத்ததும் சிவந்தது. அதற்கடுத்ததும் சிவந்தது.

மாமா மணலில் குந்தி ஓர் ஊற்றில் கையை வைத்து எடுத்தார்கள். உள்ளங்கை சிவப்பாக இருந்தது. அதை அப்பாவிடம் காட்டினார்கள். பிறகுதான் கேட்டார்கள்.

"இப்ப என்ன செய்யணும், மாப்பிளே?"

"நடுச்சுவர இடிச்சு, இன்னும் கீழ தோண்டி, பாறையப் பாத்துக் கட்டணும், அத்தான்."

"நாத்து பாவியாச்சே. ஆனி பொறந்தா சாரல் வந்துரும். போன பிசானமும் இல்ல, இந்தக் காரும் போச்சுன்னா நாங்க எங்க போவோம்? இந்த வருசம் இப்படியே ஓட்டக் கூடாதா?"

"சாரல் தண்ணிய இது தாங்கும். ஐப்பசி வெள்ளத்தத் தாங்காது. நடுச்சுவர் போகும்போது ரெண்டு பக்கத்துச் சுவரையும் இழுத்துட்டுப் போகும். அப்ப ரெண்டு வருசம் ஆனாலும் கட்ட முடியாது."

கூட்டத்தில் பலர் முணுமுணுத்தார்கள். கட்டத் தெரியாதவனுக்கு இடிக்கத்தான் தெரியும் என்று கடைக்குளத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் ஊற்றுகள் இருந்த இடங்களில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் காண்டிராக்டர் அப்பாவிடம் வந்தார். அவர் சொன்னதைச் சுடலைமுத்துக் கொத்தனாரே பின்னாளில் எங்களுக்குச் சொன்னார். "சாந்து சரியில்ல, கொத்தனார் வேலை மோசம்னு எழுதிருங்க சார். அவன நிறுத்திட்டு வேற ஆளப் போட்டுருதேன். உங்களுக்கும் கேள்வி வராது, எனக்கும் வராது" என்றாராம். கொத்தனார் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருக்கிறார். அப்பா குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்களாம்.

"சுவர்ல குறை இல்ல. சுவர் நிக்கிற எடத்துலதான் குறை. எடத்தக் காட்டினது நான். இடிச்சதுக்கு அப்புறமும் இந்தக் கொத்தனார்தான் கட்டணும்."

அடுத்த நாள் பெரிய என்ஜினீயர் ஜீப்பில் வந்து பார்த்தார். காவி படிந்த மணல் அப்படியே இருந்தது. அவரும் மோசமானவர் அல்ல. அப்பாவின் மீது அவருக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் வருத்தத்தோடு பேசினார்.

"அடித்தளத்தப் பாஸ் பண்ணினது யாரு?"

"நான்தான் சார். கடப்பாரை ஒலிய நம்பிட்டேன். அடியில பெரிய உருண்டைக்கல் நெருக்கமாக் கெடந்திருக்கு. பாறைன்னு நெனச்சேன். ஒரு எடத்துலயாவது கல்லப் பேத்துப் பாத்திருக்கணும். பாக்கல."

"இத எழுத்துல தருவீரா? தந்தா உம்ம பிரமோஷன் என்ன ஆகும்னு தெரியுமா?"

"தாறேன் சார். இடிக்க உத்தரவு மட்டும் இன்னைக்கே வேணும்."

உத்தரவு கிடைத்தது.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா இன்னும் ஆற்றிலிருந்து திரும்பவில்லை. மாமா உட்காரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றார்கள்.

"ஊர்ல என்ன பேசுதாக தெரியுமா? இவ்வளவு செலவழிச்சுக் கட்டினத இடிக்கதுக்கு எங்க மாப்பிள்ளதான் கெடச்சாகளான்னு கேக்காக. நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அடுத்த கோடையில இடிச்சா என்ன கொறஞ்சு போவும்?"

அம்மா அண்ணன் முன்னால் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினார்கள்.

"அண்ணே, உன் கையில ஒட்டின காவிய நீதான பாத்த? அவுக சொல்லியா ஒட்டிச்சு? அவுக வேலைய காப்பாத்திக்கணும்னா சும்மா இருந்திருக்கலாம். ஐப்பசியில உடைஞ்சா வெள்ளத்து மேல பழியப் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஒரு பய கேக்கமாட்டான். உங்க வயலுக்காகத்தான் தன் பேரக் கெடுத்துக்கிட்டு நிக்காக."

மாமா படியிறங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஆற்றுக்குப் போன அப்பாவுக்கு முன்பாகவே மாமா அங்கே நின்றார்கள். கூடவே ஊர் ஆட்கள், கையில் கடப்பாரைகள். கூலி ஆட்களோடு அவர்களும் இறங்கினார்கள். நடுச்சுவரின் முதல் கல்லைப் பெயர்த்தது மாமாதான் என்று அப்பா எப்போதும் பெருமையாகச் சொல்வார்கள்.

சுவரை அகற்றி உருண்டைக்கற்களைப் புரட்டியபோது அடியில் வெறும் மணல். கடப்பாரை பிடித்த கைவரை இறங்கியது. நெஞ்சு அளவுக்கு மேலும் தோண்டிய பிறகே உண்மையான பாறை தெரிந்தது. இந்த முறை அப்பா ஒலியை நம்பவில்லை. பல இடங்களில் துளையடித்துப் பார்த்தார்கள். பாறையில் பள்ளம் வெட்டி அதிலிருந்து சுவரை எழுப்பச் சொன்னார்கள். மேற்புறத்தில் களிமண்ணை மிதித்து அடைத்தார்கள். சுடலைமுத்துக் கொத்தனார் தம் ஊரிலிருந்து சொந்தக்காரர்களையெல்லாம் வேலைக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஆனாலும் சாரல் முந்திக்கொண்டது. நடுச்சுவர் பாதி உயரம்கூட எழும்பாத நிலையில் குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கிவிட்டது. தென்காசியிலிருந்து ஆட்கள் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தச் சாரலைப் பார்த்துப் பதறவில்லை. அதற்கும் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். மரக்கம்புகளை நட்டு, ஓலையும் தழையும் மணல் மூட்டையும் வைத்துத் தற்காலிகமாக ஒரு தடுப்பு போட்டார்கள். இதைக் கொரம்பு என்பார்கள். கொரம்பு வைத்தால் தண்ணீர் மட்டம் பாதிதான் உயரும். கால்வாய்க்குப் பாதித் தண்ணீர்தான் கிடைக்கும்.

பாதித் தண்ணீரை மூன்று ஊர் எப்படிப் பங்கிடுவது? இது சுவர் கட்டுவதைவிடக் கடினமான வேலை. வழக்கப்படி முதல் குளம் நிரம்பிய பிறகே அடுத்ததற்குப் போகும். அந்த வழக்கப்படி விட்டால் கடைக்குளத்துக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது. அப்பா மூன்று ஊரையும் அணைக்கட்டில் கூட்டினார்கள்.

"இந்த ஒரு பருவத்துக்கு முறைய மாத்துவோம். கடைக்குளத்துக்கு மொதல்ல. அப்புறம் நடுக்குளம். கடைசியா முதல் குளம்."

முதல் குளத்து ஊர்க்காரர்கள் எழுந்துவிட்டார்கள். காலங்காலமாக வரும் உரிமையை விடமாட்டோம் என்றார்கள். அப்பா பொறுமையாகக் காரணம் சொன்னார்கள். வாய்க்கால் ஈரமாகி ஊறும்வரை தண்ணீர் வீணாகும். சாரல் தொடர்ந்து விழும் இப்போதே தொலைவுக்கு அனுப்பிவிட்டால் போய்ச் சேரும். விட்டு விட்டு வரும் காலத்தில் அனுப்பினால் வழியிலேயே மணல் குடித்துவிடும். முதல் குளம் கால்வாய் தொடங்கும் தலைமதகுக்கு அருகில் இருப்பதால் எப்போது விட்டாலும் சேதமில்லாமல் போய்ச் சேரும்.

"கணக்கு சரி. ஆனா கடைசியில சாரல் ஓஞ்சுட்டா எங்க கதி?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓஞ்சா உங்களுக்குக் கொறையும். அத நான் மறைக்கல" என்றார்கள் அப்பா.

எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்கள். "நமக்குக் கெணறு இருக்கு. அவங்களுக்கு அதுவும் இல்ல. கடைக்குளத்துக்கே மொதல்ல விடுங்க, மாப்பிளே. நான் என் மேலப்பத்த இந்தத் தடவ தரிசாப் போட்டுருதேன்."

மேலப்பத்து என்பது மாமாவின் மேட்டு வயல்கள். தலைவரே விட்டுக்கொடுத்த பிறகு மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சில வாரங்களுக்கு முன் கட்டத் தெரியாதவன் என்று சொன்ன அதே கடைக்குளத்து மனிதர் அப்பாவின் அருகில் வந்து நின்றார். ஏதோ சொல்ல நினைத்தார். "நீங்க வாங்க, மடை தொறக்கணும்" என்று அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

அந்தக் கார் முழு விளைச்சல் இல்லை. ஆனால் மூன்று ஊரிலும் களத்தில் நெல் விழுந்தது. சாரல் இடைவெளிகளில் சுவர் வேலை நடந்து, ஆவணியில் முடிந்தது. ஐப்பசியில் வந்த வெள்ளம் முந்தைய வெள்ளத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. மழை விட்ட ஒரு பகலில் அப்பா என்னையும் தம்பியையும் கரைக்கு அழைத்துச் சென்றார்கள். சுவர் இருக்கும் இடமே தெரியாமல் செந்நிற வெள்ளம் அதன்மேல் உருண்டு போனது. எனக்குப் பயமாக இருந்தது. "பயப்படாத ஏட்டி. அது இனிமே போகாது" என்றார்கள் அப்பா. அவ்வளவு உறுதியாக அவர்கள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளம் வடிந்தபின் கீழ்ப்புறத்து மணலை நடந்து நடந்து பார்த்தார்கள். ஓர் ஊற்றுக்கூட இல்லை.

எழுத்தில் கொடுத்ததற்கு விலை இருந்தது. பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அப்பாவிடம் வேலை பழகியவர்கள் அப்பாவுக்கு மேலே போனார்கள். அவர்கள் வரும்போது அப்பா எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். அம்மாவுக்குத்தான் சில நேரம் பொறுக்காது. "அவுகவுக வேலைய அவுகவுக பாக்காக. நமக்கென்ன" என்பார்கள் அப்பா. பிறகு உயர்வும் வந்தது. ஓய்வு பெறும்போது அசிஸ்டென்ட் என்ஜினீயராக இருந்தார்கள். தென்காசியிலேயே வீடு கட்டிக் குடியேறினோம். அந்த வீட்டுக் கொத்தனார் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின் ஒரு முறை, குற்றாலத்தில் சர்வே முகாம் போட்டிருந்த சிவில் என்ஜினீயரிங் மாணவர்கள் சிலர் அப்பாவைத் தேடி வந்தார்கள். அப்பா அவர்களை அந்த அணைக்கட்டுக்குக் கூட்டிப் போனார்கள். தம்பியும் உடன் போனான். "சார், இது நீங்க கட்டினதா?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.

"கட்டினது சுடலைமுத்து. இடிக்கச் சொன்னது நான்" என்றார்களாம் அப்பா.

மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பா சிரிக்காமல் முழுக் கதையையும் சொன்னார்களாம். சுவரை விட்டுவிட்டுத் தண்ணீர் முறை மாற்றியதைப் பற்றியே ஒரு மாணவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அப்பாவுக்கு அந்த மாணவரை மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து, "அந்தப் பிள்ளைக்கு விசயம் புரிஞ்சுட்டு. கல்லும் சாந்தும் எல்லாருக்கும் வந்துரும்" என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

கடைசி ஆண்டில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. கண் பார்வையும் மங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்தது சில வாரங்கள்தான். மனம் தளரவில்லை. பார்க்க வருபவர்களிடம் நோயைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றியே விசாரித்தார்கள். சென்ற ஆண்டு ஆனியில், நல்ல சாரல் நாளில், அம்மாவும் நாங்களும் அருகிலிருக்க அமைதியாகக் கண் மூடினார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அழைக்கும் முன்பே வீட்டுக்கு வந்து பார்த்த தென்காசி டாக்டர் அவர்களுக்கு நன்றி. பக்கத்து வீட்டு ஞானமணி அண்ணாச்சி தினமும் கடையைத் திறக்கும் முன் வந்து அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் பலகாரம் இல்லாமல் எங்கள் வீட்டில் மார்கழி கழிந்ததில்லை. அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது வந்தவர்கள் அனைவருக்கும் சாப்பாடு கொடுத்தது அவர்கள் வீடுதான். சுரண்டையிலிருந்து, நடக்க முடியாத நிலையிலும் பஸ்ஸில் வந்து தம் தம்பியான அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பா அவர்களை வணங்குகிறோம். சுடலைமுத்துக் கொத்தனாருக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். அதனால் எழுதவில்லை.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து மயானத்துக்குக் குறுக்குவழி அந்த அணைக்கட்டுக் கால்வாயில் இறங்கி ஏறுவதுதான். அப்பாவை எடுத்த அன்று கால்வாயில் மார்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்பா இருந்த பதவியில் இப்போது இருக்கும் இளம் என்ஜினீயர் காலையிலேயே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார்.

"தலைமதக ரெண்டு மணி நேரம் அடைக்கச் சொல்லுதேன், ஆச்சி. தண்ணி வடிஞ்சுரும். நேர் வழியாவே கொண்டு போயிரலாம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். "இப்ப எந்தக் குளத்துக்கு முறை?"

"கடைக்குளத்துக்கு, ஆச்சி."

"அங்கன நடவு நடக்குதா?"

"நடக்குது."

"அப்ப அடைக்க வேண்டாம் ஐயா. பாலத்து வழியாச் சுத்திப் போவோம்."

பாலத்து வழி நெடுந்தூரம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மூன்று ஊர்க்காரர்களும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். மாமா இந்த வயதிலும் பாதி வழிவரை தோளை விட்டுக்கொடுக்கவில்லையாம். ஏன் இந்தச் சுற்று என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அப்படிச் சுமந்தவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பாலத்தின்மேல் சற்று நின்று தோள் மாற்றியபோது தம்பி கீழே பார்த்தானாம். கால்வாய் நிறையத் தண்ணீர், கிழக்கே கடைக்குளத்தைப் பார்த்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்ததாம்.